ஜூலி என்ற குதிரைக்காக நான் செய்த ஜெபம்

எங்கள் சபையில் பிள்ளைக்காக, புருஷனுக்காக, வேலைக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்பார்கள். நான் ஒரு குதிரைக்காகக் கேட்டேன். பாஸ்டர் அதைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று எனக்குள் இருந்த பயம் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் குதிரை விழுந்தால் என் கணவரும் கூடவே விழுந்துவிடுவார் என்று பயந்தேன். ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து எழும்பியவர் அவர். இன்னொரு தடவை எழும்ப மாட்டார் என்று பயந்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் முருகேசு மீரியபெத்தையில் பிறந்து வளர்ந்தவர். அங்கே மலை சரிந்து தோட்டத்து வீடுகளை மூடிய வருடம் எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் தலைப்பிரசவத்துக்கு என் அம்மா வீட்டில் இருந்தேன். என்னைப் பார்க்க அவர் அப்புத்தளைக்கு வந்திருந்தார். அன்று காலையில்தான் அவர் குடும்பம் இருந்த லயம், தோட்டத்து வரிசை வீடு, மண்ணுக்குள் போனது. அவருடைய அம்மாவும் தம்பியும் அதற்குள் இருந்தார்கள்.

அவர் போய்க் கையால் மண்ணைத் தோண்டினார். மற்றவர்கள் பிடித்து இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் பேசுவது நின்றுபோனது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். மழை பெய்தால் வாசலில் நின்று மலையையே பார்ப்பார். எங்கள் மகள் திவ்யா பிறந்தபோதுகூட அவளை வாங்கி ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். அவர் இந்துக் குடும்பம். கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். நான் சபைக்குக் கூப்பிட்டபோது ஒரே ஒரு தடவை பதில் சொன்னார்.

"சாமின்னு ஒண்ணு இருந்தா எங்கம்மாவ மண்ணுக்குள்ள விட்டிருக்காது ஸ்டெல்லா. என்னைக் கூப்பிடாத."

அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. மனதுக்குள் மட்டும் அவருக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வருடங்கள் போயின.

அவருடைய மாமா ஒருவர் நுவரெலியாவில் வாவிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி நடத்துகிற வேலை செய்தார். ஒத்தாசைக்கு ஆள் இல்லை என்று இவரையும் கூட்டிப் போனார். எப்படி என்று எனக்குத் தெரியாது, அந்தக் குதிரைகள் இவரை மாற்றின. லீவில் வீட்டுக்கு வந்தால் பேசுவார். குதிரை எப்படித் தும்மும், எது கோபக்காரக் குதிரை என்று திவ்யாவுக்கு நடித்துக் காட்டுவார். அவர் சிரித்ததை என் மகள் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

போன வருடம் ஆரம்பத்தில் அவர் சொந்தமாக ஒரு குதிரை வாங்கி வந்தார். அப்புத்தளைக்கு வருகிற வெள்ளைக்காரர்களைத் தேயிலை மலைக்கு மேலே கூட்டிப் போகலாம் என்பது அவர் கணக்கு. ஜூலி என்று பெயர். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. லொறியிலிருந்து இறங்கும்போதே மெலிந்துதான் இருந்தது. டவுனுக்குள் ஒரு கொட்டிலில் ரொம்பக் காலம் கட்டிப்போட்டு வைத்திருந்தார்களாம். தவிடும் காய்ந்த வைக்கோலும்தான் சாப்பாடு. "ரெண்டு மாசம் நல்லாத் தீனி போட்டா தேறிடும்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் தீனி போட்டோம். ஜூலி ஆசையாகச் சாப்பிட்டது. சாப்பிடச் சாப்பிட மெலிந்தது.

முதலில் அதைக் கவனித்தது நான்தான். மெஷினில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே கொட்டில் தெரியும். ஜூலி சும்மா நிற்கும்போது பின்தொடை இரண்டும் துடித்துக்கொண்டே இருக்கும், குளிரில் நடுங்குவது போல. நல்ல வெயிலிலும் நடுங்கும். ஒரு காலை மாற்றும், அடுத்ததை மாற்றும். சில நேரம் நான்கு காலையும் வயிற்றுக்குக் கீழே சேர்த்து வைத்து, ஒரு சின்னக் கல்லின்மேல் ஆடு நிற்குமே, அப்படி நிற்கும். தலை தொங்கிப்போகும். பிறகு படுத்துவிடும். பகலிலேயே மணிக்கணக்காகப் படுத்திருக்கும்.

"ஏங்க, ஜூலி கால் நடுங்குதே, பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"புது எடம். பழகிடும்" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவரும் பார்த்துவிட்டார் என்று அப்போதே எனக்கு விளங்கியது.

பக்கத்து வீட்டார் கண்ணூறு என்றார்கள். கொட்டில் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு. இவர் தினமும் விடிந்ததும் ஜூலியின் முதுகைத் தேய்த்துவிடுவார். எலும்பு தட்டுப்படுகிற இடத்தில் அவர் கை நிற்கும். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் திவ்யாவை ஏற்றிக்கொண்டு கொந்தறாப்பு என்று நாங்கள் சொல்லும் ரோட்டு வளைவு வரை நடத்திப் போனார். நடந்தால் ஜூலி பரவாயில்லை, நிற்கிறதுதான் அதற்குக் கஷ்டம். பனி இறங்கியிருந்தது. எதிரில் ஒரு வான் வரும் சத்தம் கேட்டு ஓரமாக நிறுத்தியிருக்கிறார். நின்ற இடத்திலேயே ஜூலியின் பின்கால் இரண்டும் மடங்கிவிட்டன. திவ்யா ரோட்டில் விழுந்தாள். வான் பிரேக் பிடித்து அவள் தலைமாட்டில் வந்து நின்றது.

பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆண்டவருக்கு நன்றி. ஆனால் வீட்டுக்கு வந்தபோது என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பழைய முகம். மீரியபெத்தையிலிருந்து திரும்பி வந்த முகம். அடுத்த நாள்தான் நான் சபையில் அந்த ஜெபத்தைக் கேட்டேன்.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். கூட்டம் முடிந்ததும் லீலா அக்கா என்னிடம் வந்தார். அப்புத்தளை டவுனில் மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். "குதிரைக்கு ஜெபிச்சா மட்டும் போதுமா? டொக்டரக் காட்டுனியா?" என்று கேட்டார். அவரே அரசாங்க மிருக வைத்தியரிடம் பேசி வரவழைத்தார்.

வந்தவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. டொக்டர் சிவகௌரி என்று பெயர். சின்ன வயது. ஜூலியை நடக்க வைத்தார், நிற்க வைத்தார், வாலுக்கு அடியில் அழுத்திப் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டு அந்த இடத்திலிருந்து ஒரு துளி சதையை எடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார். பதில் வந்ததும் போனில் சொல்லாமல் நேரிலேயே வந்தார். அதிலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அண்ணை, நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். "இது நரம்பு வருத்தம். தசைக்குப் போற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாச் சாகுது. அதாலதான் எவ்வளவு திண்டாலும் சதை பிடிக்கேல்ல. பச்சைப் புல்லு கனகாலம் காணாத குதிரைகளுக்கு இப்பிடி வாறது. உங்களிட்ட வர முதலே தொடங்கியிட்டுது. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்ல."

"மருந்து இருக்குங்களா?" என்று நான் கேட்டேன்.

"செத்த நரம்பு திரும்ப வராது அக்கா. விற்றமின் ஈ நிறையக் குடுக்க வேணும், பச்சைப் புல்லு நிறையக் குடுக்க வேணும். சிலதுகளுக்கு அதோட நிண்டுபோகும். சிலதுகளுக்கு நிக்காது. இனி இதுக்கு மேல ஆரையும் ஏத்தக்கூடாது. ஒருநாள் படுத்து எழும்ப ஏலாமப் போச்சுதெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ. வேதனைப்பட விடக்கூடாது."

அவர் என்ன சொல்கிறார் என்று எங்களுக்கு விளங்கியது. என் கணவர் எழும்பிக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

விற்றமின் மருந்துக்கு டொக்டரும் லீலா அக்காவும் சேர்ந்து ஒரு வழி செய்தார்கள். புல்லுக்குத்தான் வழி இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. எல்லாம் தேயிலை. இடையில் முளைக்கிற புல்லுக்குத் தோட்டத்தில் மருந்து அடிப்பார்கள், அதை மாட்டுக்கே போட முடியாது. ரோட்டோரம் அறுத்து வருகிற புல் ஒரு வேளைக்குக் காணாது. ஒரு பச்சை மலைக்கு நடுவில் என் ஜூலி புல் இல்லாமல் சாகப்போகிறது என்று நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே தலையைக் கவிழ்த்து, "ஆண்டவரே, புல்லு தாரும்" என்று மட்டும் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை.

அந்த வாரத்திலேயே சோமபால மாத்தயா, அதாவது சோமபால ஐயா, தன் பேத்தியின் யூனிபோர்மை வாங்க வந்தார். பண்டாரவளைப் பக்கம் மாடு வளர்த்தவர், சிங்களவர், ஆனால் தமிழ் பேசுவார். ஜன்னல் வழியே ஜூலியைப் பார்த்துவிட்டு, "ஏன் இது இப்பிடி மெலிஞ்சி?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"எனக்கு முழங்கால் சரியில்ல. மாடு எல்லாம் வித்தாச்சு. ஆனா மாட்டுக்குப் போட்ட புல்லு தோட்டம் இருக்குதானே, ஆள் உயரத்துக்கு வளந்து சும்மா நிக்குது. உங்க வீட்டுக்கார மாத்தயாவ வந்து வெட்டிக்கச் சொல்லுங்க."

அவர் போனபிறகு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

என் கணவர் தினமும் பஸ்ஸில் போய்ப் புல் கட்டு கொண்டு வந்தார். ஜூலி தின்றது. நடுக்கம் குறைந்த மாதிரி ஒரு நாள் தெரியும், மறுநாள் கூடிய மாதிரி தெரியும். அவர் பேசவில்லை, ஆனால் வேலை செய்தார். நான் அவரையும் பார்த்தேன், ஜூலியையும் பார்த்தேன். இரண்டு பேரில் யார் முதலில் தேறுவார்கள் என்று தெரியாமல் ஜெபித்தேன். "ஜூலியை எழுப்பி விடும் ஆண்டவரே, அது எழும்பினால் அவரும் எழும்புவார்" என்பதுதான் என் ஜெபம்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. போன வருடக் கடைசியில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். விடாமல் கொட்டியது. கரண்ட் போனது. போன் வேலை செய்யவில்லை. பசறை ரோட்டிலும் பதுளைப் பக்கமும் மண் விழுந்துவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பு தெரிந்தது. கிராம சேவகர் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து, "எல்லாரும் இப்பவே ஸ்கூலுக்குப் போயிடுங்க, ஒண்ணையும் எடுத்துக்கிட்டு நிக்காதீங்க" என்று சத்தம் போட்டார்.

ஜூலி முந்தின நாளிலிருந்து படுத்தே கிடந்தது. எழுப்பிப் பார்த்தோம். முன்காலை ஊன்றும், உடம்பு முழுக்க நடுங்கும், திரும்ப விழும். டொக்டரைக் கூப்பிட வழி இல்லை. என் கணவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, போயிடலாம்" என்றேன்.

"நீ புள்ளைய கூட்டிக்கிட்டுப் போ."

"நீங்க?"

"இத விட்டுட்டு எப்படி வாறது? நீ போ ஸ்டெல்லா."

"அப்பா, வாங்கப்பா!" என்று திவ்யா கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம்கூட இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அம்மாவும் தம்பியும் போன வழியில் தானும் போய்விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிள்ளையா புருஷனா என்று யோசிக்க நேரமில்லை. திவ்யாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன். அந்த ஓட்டத்தில் நான் செய்த ஜெபத்துக்கு வார்த்தையே இல்லை. "ஐயோ, ஐயோ" என்று மட்டும்தான் சொன்னேன். அதையும் ஆண்டவர் கேட்டிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குள் தோட்டத்துச் சனம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. லீலா அக்காவும் டவுனிலிருந்து பாண் ரொட்டியும் உடுப்பும் கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். நானும் நின்றேன். ஈர நிலம். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். அதில் சபைக்கு வராதவர்கள்தான் அதிகம்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இடி என்று முதலில் நினைத்தோம். இடி நின்றுவிடும், இது நிற்கவில்லை. நிலம் அதிர்ந்தது. யாரோ, "நம்ம பக்கந்தான், கீழ்ப் பக்கந்தான்" என்று கத்தினார்கள். நான் எழும்பி ஓடினேன். வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். திவ்யா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குள் விசுவாசம் என்று ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கேட் பக்கம் நின்ற சின்னப் பிள்ளைகள், "குதிரை! குதிரை வருது!" என்று கத்தினார்கள்.

பனிக்குள்ளிருந்து என் கணவர் வந்தார். வயிறு வரைக்கும் சேறு. பக்கத்தில் ஜூலி, ஒவ்வொரு அடியும் ஆடி ஆடி, தலையை அவர் தோளோடு சாய்த்துக்கொண்டு நடந்து வந்தது.

திவ்யா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கினார். பதினொரு வயசுப் பிள்ளையை, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்துக்கொண்டு விடவே இல்லை. அவர் அழுதார். அம்மாவைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு சொன்னார்.

"எவ்வளவு இழுத்தும் எழும்பல. சரி, இங்கயே இருப்போம்னு உக்காந்துட்டேன். அப்புறம் திவ்யா சத்தம் காதுக்குள்ளயே கேட்டுச்சு. எங்கம்மாவ தேடி நான் மண்ணத் தோண்டுன மாதிரி, அவ என்னைத் தேடித் தோண்டக் கூடாதுன்னு நெனச்சேன். ஒன் ஆண்டவர்கிட்ட பேசுனேன் ஸ்டெல்லா. 'இத நீங்க பாத்துக்கங்க, என் புள்ளைய நான் போய்ப் பாத்துக்கிறேன்'னு சொன்னேன். ஜூலி தலையத் தடவிட்டு எழும்பி வந்துட்டேன். படிக்கட்டு வரைக்கும் வந்தாச்சு. பின்னால தகரம் அடிபடுற சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கிறேன், நிக்குது. நடுங்கிக்கிட்டு நிக்குது. என்னைப் பாத்து நடந்து வருது."

அவர்கள் இரண்டு பேரும் மேல் ரோட்டுக்கு ஏறிய பிறகுதான் மேடு இறங்கியிருக்கிறது. கொட்டில் இருந்த இடம் தெரியவில்லை. எங்கள் சமையல் குசினியும் பின் அறையும் மண்ணுக்குள் போய்விட்டன.

நான் கேட்டது, குதிரையை எழுப்பும், அதைப் பார்த்து அவர் எழும்பட்டும் என்று. ஆண்டவர் அவரை முதலில் எழுப்பினார். அதற்குப் பிறகுதான் குதிரை எழும்பியது. என் வரிசை பிழையாக இருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த மழையில் எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். அவர்கள் வீட்டு ஆட்கள் திரும்பி வரவில்லை. அன்று மீரியபெத்தையில் போன என் மாமியாரும் மைத்துனனும் வரவில்லை. அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன். ஏன் எனக்கு மட்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் செய்ததை மறைக்கவும் என்னால் முடியாது.

இப்போது நாங்கள் சோமபால மாத்தயாவின் புல் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறோம். தரை சமமான இடம். என் கணவர்தான் அந்தத் தோட்டத்தைப் பார்க்கிறார், பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவர்களுக்குப் புல் அறுத்துக் கொடுக்கிறார். ஜூலி சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கால் நடுக்கம் இன்னும் இருக்கிறது. அதன் முதுகில் இனி யாரும் ஏற முடியாது. ஆனால் நோய் நின்ற இடத்தில் நிற்கிறது. விலா எலும்பை மூடிச் சதை பிடித்திருக்கிறது. அண்மையில் டொக்டர் சிவகௌரி வந்து பார்த்துவிட்டு, "இது இவ்வளவுக்கு வருமெண்டு நான் நினைக்கேல்ல அக்கா" என்றார்.

என் கணவர் சபைக்கு வருகிறார். கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார். பாட மாட்டார், கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அது போதும்.

இதை வாசிக்கிற சகோதரரே, சகோதரியே, உங்கள் வீட்டிலும் எழும்ப முடியாமல் ஒருவர் கிடக்கலாம். பயம் தீர்ந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. தகரத்தில் முதல் துளி விழுந்தால் நெஞ்சு படபடக்கும். பயந்துகொண்டே கேளுங்கள். வார்த்தை வராவிட்டால் "ஐயோ" என்றாவது சொல்லுங்கள். அவர் கேட்கிறவர்.

போன வாரமும் நல்ல மழை பெய்தது. நான் தைத்துக்கொண்டிருந்தேன். என் கை மெஷினில் அப்படியே நின்றுவிட்டது. அவர் புல் கட்டை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்டெல்லா, திவ்யாவையும் கூப்பிடு" என்றார். "ஜெபம் பண்ணுவோம்."